நீல வெளிச்சத்துல பொண்ணு காட்டினது

என் பொண்ணுக்குப் பேசி வந்த மாப்பிள்ளை வீடு வேப்பம்பட்டு. நாங்க இருக்கிறது ஆவடிக்கு வெளியே முத்தாபுதுப்பேட்டை. நடுவுல நாலஞ்சு ஸ்டேஷன், அவ்வளவுதான். ஆனா ரெண்டு குடும்பமும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறதுக்கு, மூணு பஸ் மாறி, மெட்ராஸுக்கு அந்தக் கோடியில கடலோரமா இருக்கிற ஒரு மீன் காட்சிசாலைக்குப் போனோம். இந்த ஏற்பாட்டப் பண்ணது நான்தான். ஏன்யா அங்கன்னு கேட்டவங்க எல்லாருக்கும், "பாப்பா மீன் பாக்கணும்னு ஆசைப்பட்டா"ன்னு சொன்னேன். பொய்தான். அவளுக்கு மீன்மேல ஒரு ஆசையும் கிடையாது. தட்டுல வெச்சாலே முள்ளு இருக்குன்னு ஓரமாத் தள்ளிடுவா.

காரணம் அவளோட கை.

பதினொண்ணாவது படிக்கும்போது வலது கை நடுவிரல் கணுவுல சுண்ணாம்பு ஒட்டின மாதிரி ஒரு புள்ளி வந்துச்சு. கழுவுடின்னு திட்டினேன். கழுவிட்டு வந்து காட்டினா, அப்படியே இருந்துச்சு. ஒண்ணு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு, இப்ப ரெண்டு கையிலயும் விரல், புறங்கை, மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை வெள்ளையாத் திட்டு. வெண்புள்ளி. வலி கிடையாது, அரிப்பு கிடையாது, யாருக்கும் ஒட்டாது. எங்க தெருவுல இதுக்கு வேற ஒரு பேரு வெச்சிருக்காங்க. அந்தப் பேர நான் இங்க எழுதப் போறதில்ல. எழுதினா கோவம் வந்து மிச்சத்த எழுத முடியாது.

பூந்தமல்லியில ஒரு லேப்ல ரத்தம் எடுக்கிற வேலை பாக்குறா. ஊசி குத்தினதே தெரியாதுன்னு பேரு வாங்கினவ. இருந்தாலும் கையப் பாத்துட்டு, "வேற யாரும் இல்லியாம்மா?"ன்னு கேக்குறவங்க உண்டு. "க்ளவுஸ் மாட்டிக்குவேன் நைனா, அப்பால எல்லார் கையும் ஒரே கலருதான்"னு சிரிச்சிகினே சொல்லுவா. அவ சிரிச்சிட்டுப் போயிடுவா, எனக்குத்தான் சோறு இறங்காது.

வீட்டுக்கு வந்து பொண்ணு பாத்துட்டுப் போனவங்க மூணு பேரு. கடைசியா வந்த கூட்டத்துல ஒரு பெரிய மனுசன் இருந்தாரு. அவ காபித் தட்ட நீட்டினா. அவரு கைய நீட்டல. "அப்படி ஸ்டூல்ல வெச்சிடும்மா, ஆறட்டும்"னாரு. வெச்சா. அவங்க எழுந்து போற வரைக்கும் அந்த டம்ளர் ஸ்டூல்லயே இருந்துச்சு, காபி ஆடை கட்டிப் போச்சு. அவங்க போனதும் அவ அந்தக் காபிய எடுத்து வாசல்ல ஊத்திட்டு வந்து என் முன்னால நின்னா.

"நைனா, இனிமே நான் தட்டு தூக்க மாட்டேன். இந்த ஊட்டுல எவனும் என்ன வந்து பாக்கக் கூடாது. அப்பறம் இன்னொண்ணு. எவனா இருந்தாலும் மொதல்ல என் கை விசயத்த நீ சொல்லிடணும். கேட்டுட்டு வரவன் வரட்டும். சொல்லாம என்ன எவன் முன்னாலயாச்சும் நிக்க வெச்சினா, அதோட சரி. உன் பேச்ச நான் நம்பவே மாட்டேன்."

"சொல்லிடறேன்மா, உன்மேல சத்தியம்"னு அவ தலையில கைய வெச்சேன்.

வேப்பம்பட்டு இடத்தக் கொண்டுவந்தது எங்க தெரு தரகர். பையனுக்கு அப்பா இல்ல. அம்மா பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாங்க. பையன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி வேலை. நல்ல இடம். நான் கை விசயத்த எடுத்ததும் தரகர் வாயப் பொத்தாத குறைதான்.

"அண்ணாத்தே, ஒனக்கு இன்னா பைத்தியமா? எடுத்த எடுப்புலயே சொன்னினா போன கட் பண்ணிடுவாங்கோ. மொதல்ல பொண்ணப் பாக்கட்டும், பேசட்டும். புடிச்சிப் போச்சின்னா அப்பால மெதுவா சொல்லிக்கலாம். நான் சொல்லிக்கிறேன், நீ கம்முனு இரு."

நான் கம்முனு இருந்தேன். வீட்டுக்குப் போயி, "நானே போன்ல பேசிட்டேன் பாப்பா. கை விசயத்தச் சொல்லிட்டேன். அதனால இன்னா, வாங்க பாக்கலாம்னுட்டாங்க"ன்னு சொன்னேன். அவ நம்பாம ரெண்டு தடவ, "நெஜமாவா?"ன்னு கேட்டா. ரெண்டு தடவயும் ஆமான்னேன். அன்னிக்கு அவ பாத்திரம் கழுவும்போது ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கினு இருந்தா. அந்தச் சத்தத்தக் கேட்டுக்கினு நான் பேப்பர் படிக்கிற மாதிரி உக்காந்திருந்தேன். என்ன படிச்சேன்னு தெரியாது.

இப்ப என் வேலையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியாகணும். அம்பத்தூர் எஸ்டேட்ல வண்டிக்கு இரும்பு சாமான் அடிக்கிற கம்பெனி. அதுல எனக்கு இருபது வருசத்துக்கு மேல ஒரே வேலை, விரிசல் பாக்குறது. நாலு பக்கமும் கருப்புத் திரை கட்டின சின்ன ரூம். சாமானுக்குக் காந்தம் ஏத்தி, மேல ஒரு பச்சைத் தண்ணிய ஊத்தி, ஊதா விளக்குக்கு அடியில திருப்பித் திருப்பிப் பாப்போம். சாதாரண வெளிச்சத்துல கண்ணுக்கே தெரியாத முடி மாதிரி விரிசல், அந்த விளக்குல பளிச்சுன்னு மின்னும். மின்னினா சட்டைப் பையிலருந்து செவப்பு மார்க்கர எடுத்து ஒரு கோடு. அந்தப் பீஸ் கழிவுன்னு செவப்புத் தொட்டிக்குப் போயிடும். ஒரு நாளைக்கு எத்தனயோ பீஸ், எத்தனயோ கோடு. கை தானா பண்ணும்.

கூட வேலை பாக்குறவன் ஒருத்தன் குடும்பத்தோட அந்த மீன் காட்சிசாலைக்குப் போயிட்டு வந்து கேன்டீன்ல போட்டோ காட்டினான். எல்லாமே இருட்டு. "இன்னாடா, ஒரு மூஞ்சியும் தெரியல?"ன்னேன். "உள்ள அப்டித்தான் மாமே கீது. மீனுதான் தெரியும், மனுசன் தெரிய மாட்டான்"னான். அவன் அடுத்த போட்டோவுக்குப் போயிட்டான். நான் அந்த வார்த்தையிலயே நின்னுட்டேன்.

அன்னிக்கே தரகருக்குப் போன் போட்டேன். பொதுவா எங்க பக்கத்துல இப்படிப் பட்டும் படாம பாக்கணும்னா கோயிலுக்குத்தான் போவாங்க. திருவேற்காட்டுலயோ மாங்காட்டுலயோ ரெண்டு குடும்பமும் தற்செயலா எதிர்ல வந்த மாதிரி, "அட, நீங்களா?"ன்னு நின்னு பேசும். புடிக்கலன்னா யாருக்கும் அவமானம் இல்ல, சாமி கும்பிட வந்தோம், கும்பிட்டோம், போனோம். கோயிலுக்கு பதிலா மீன் காட்சிசாலைன்னதும் தரகருக்கு ஒண்ணும் புரியல. "சாமிய உட்டுட்டு சொறாவ எதுக்கு அண்ணாத்தே?"ன்னான். காலம் மாறிடுச்சுப்பான்னேன்.

அந்த ஞாயித்துக்கிழமை அவ பச்சை சுடிதார் போட்டுக்கினா, அரைக்கை. "முழுக்கை போட்டுக்கக் கூடாதா, வெயில் அடிக்குது"ன்னு அவ அம்மா சொன்னா. "அதான் சொல்லியாச்சே, அப்பறம் எதுக்கு மூடணும்?"னு அவ என்னப் பாத்துச் சிரிச்சா. ஆவடியில பஸ் ஏறினதுலருந்து திருவான்மியூர் வர வரைக்கும் நான் அவ கையவே பாத்துக்கினு வந்தேன்.

வாசல்ல ஆளுக்கு ஒரு காகிதப் பட்டை கட்டினாங்க மணிக்கட்டுல. உள்ள போனதும் ஏசி குளிரு, நீல இருட்டு. கண்ணு பழகவே கொஞ்ச நேரம் ஆச்சு. தலைக்கு மேலயும் ரெண்டு பக்கமும் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால தண்ணி, நாம நடுவுல நடந்து போகணும். என் பொண்டாட்டி வாசல்லயே நின்னுட்டா.

"யோவ், இம்மாந் தண்ணி மேல நிக்குதே, இந்தக் கண்ணாடி எத்தினி இஞ்சு?"

"எனக்கு இன்னாடி தெரியும்? நானா போட்டேன்?"

"நீதானே கம்பெனில விரிசல் பாக்குறவன். நல்லாப் பாத்துச் சொல்லு, அப்பறம் வரேன்."

பாத்துச் சொன்னேன், வந்தா. என் முதுகுச் சட்டையப் பிடிச்சிக்கினேதான் வந்தா. மேல ஒரு திருக்கை வயித்தக் காட்டிக்கினு போச்சு. அது வயித்துலயே வாயி இருந்துச்சு, சிரிக்கிற மாதிரி. எங்களப் பாத்துத்தான் சிரிக்குதுன்னு பட்டுச்சு எனக்கு. ஜனங்க போனத் தூக்கிக்கினு அண்ணாந்து பாத்துக்கினே வந்து வந்து மேல மோதினாங்க.

தரகர் சொன்ன அடையாளம், பையனோட அம்மா மெரூன் புடவை, ஜரிகை பார்டர். சுத்திப் பாத்தேன், ஒருத்தர் உடம்புலயும் மெரூன் இல்ல. எல்லாருமே கருப்பு, இல்லன்னா சாம்பல். என் பொண்டாட்டி கட்டியிருந்த மஞ்சள் புடவையே பாசி பிடிச்ச மாதிரி ஒரு கலருக்கு மாறிப் போச்சு. போன்ல பேசலாம்னா உள்ள டவர் இல்ல. ஜரிகை பார்டர் மட்டும் தெரிஞ்ச ஒரு அம்மாகிட்ட போயி, "வணக்கங்க, வேப்பம்பட்டுதானே? நாங்கதான் பொண்ணு வீடு"ன்னேன். "எந்தப் பொண்ணு வீடு? நாங்க திண்டிவனம்"னாங்க. அவங்க வீட்டுக்காரரு என்ன ஏற இறங்கப் பாத்தாரு. மன்னிச்சிடுங்கன்னு சொல்லி நாலடி நகர்ந்து, எந்தப் பக்கம் வந்தோம், எந்தப் பக்கம் போகணும்னு தெரியாம நின்னேன். இருபது வருசமா வெளிச்சத்த நம்பிப் பொழைச்சவன், ஒரு புடவைக் கலரக் கண்டுபிடிக்க முடியாம அலையறேன். நீல விளக்குல செவப்பு கருப்பாத்தான் தெரியும், இது எனக்குத் தெரியாத விசயமா? ஆனா அந்த நேரத்துல தோணல.

கடைசியில அவங்களேதான் எங்களக் கண்டுபிடிச்சாங்க. போட்டோவுல பாத்த மூஞ்சிய வெச்சு நேரா என் பொண்ணுகிட்ட வந்து, "நீதானேம்மா?"ன்னு கன்னத்தத் தொட்டாங்க. தற்செயலு கிற்செயலு எல்லாம் போச்சு. அந்தம்மா குட்டை, நல்ல அழுத்தமான குரலு. பின்னால பையன், ஒடிசலா, கைய எங்க வெச்சிக்கறதுன்னு தெரியாம பேன்ட் பையில விடறதும் எடுக்கறதுமா இருந்தான்.

எல்லாம் நான் நினைச்ச மாதிரியே நடந்துச்சு. மங்கல் வெளிச்சத்துல தண்ணி நிழல் எல்லார் மேலயும் ஆடிக்கினே இருந்துச்சு. கையில திட்டு இருக்கா நிழல் இருக்கான்னு ஆண்டவனாலயும் சொல்ல முடியாது. அவ கைய ஆட்டி ஆட்டித்தான் பேசினா. லேப்ல ஊசியப் பாத்து மயக்கம் போட்ட ஒரு போலீஸ்காரரப் பத்திச் சொன்னா. பையன் சத்தமாச் சிரிச்சுட்டு வாய மூடிக்கினான். அவங்கம்மாவும் சிரிச்சாங்க. என் பொண்டாட்டிகூட தலைக்கு மேல இருக்கிற தண்ணிய மறந்துட்டா. நான் ஒருத்தன்தான் வேர்த்துக்கினு நின்னேன், அந்தக் குளிர்ல. ஜெயிச்சிட்டேன்னு ஒரு பக்கம் சந்தோசம். இன்னொரு பக்கம் இவ இப்படி என்னை நம்பிச் சிரிக்கிறாளேன்னு உறுத்தல். எது பெருசுன்னு எனக்கே தெரியல.

அந்தக் கண்ணாடி வழி முடிஞ்சு வலது பக்கம் திரும்பினா ஒரு திரை. திரைக்கு அந்தாண்ட ஜெல்லி மீன் ரூம். நான் பின்னாலதான் வந்தேன். கால் வெச்சதுமே என்னவோ பழகின இடத்துக்கு வந்த மாதிரி இருந்துச்சு. கருப்புத் திரை, கருப்புச் சுவரு, மேல அந்த ஊதா விளக்கு. என்னோட விளக்கு.

மொதல்ல சிரிப்பாத்தான் ஆரம்பிச்சுது. நான் வெள்ளைச் சட்டை. "யோவ், இன்னாய்யா ட்யூப்லைட்டு மாரி எரியற!"ன்னு என் பொண்டாட்டி கத்தினா. அவ பல்லு எரிஞ்சுது. மணிக்கட்டுல கட்டின காகிதப் பட்டை எல்லாருக்கும் எரிஞ்சுது. பையனோட அம்மா வயித்தப் பிடிச்சிக்கினு சிரிச்சாங்க. என் பொண்ணும் சிரிச்சா. சிரிச்சிக்கினே வாய மூட கையத் தூக்கினா.

ரெண்டு கையும் மின்னுச்சு. விரல், கணு, புறங்கை, மணிக்கட்டு. ஒவ்வொரு திட்டும் ஓரம் ஓரமாத் தெளிவா, நீலமும் வெள்ளையுமா. பகல்ல கூட அவ்வளவு தெளிவா நான் பாத்தது கிடையாது.

இல்ல, பாத்திருக்கேன். பதினொண்ணாவது படிக்கும்போது தோல் டாக்டர் லைட்ட எல்லாம் அணைச்சிட்டு சின்ன ஊதா விளக்கு ஒண்ண அவ விரல்மேல காட்டினாரு. அப்பவும் இப்படித்தான் மின்னுச்சு. நான் ரூம விட்டு வெளிய வந்துட்டேன், பாக்க முடியாம. இருட்டு மறைக்கும்னு தேடித் தேடி இந்த இடத்துக்குக் கூட்டிக்கினு வந்தேனே, எந்த இருட்டு எத மறைக்கும், எத காட்டிக் குடுக்கும்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கறவன் நான், எனக்கு எப்படி இது மறந்து போச்சு? இன்னிக்கு வரைக்கும் எனக்கு விளங்கல.

"கையில இன்னாம்மா அது?"ன்னு பையனோட அம்மா கேட்டாங்க.

அவ கைய எறக்கித் திருப்பித் திருப்பிப் பாத்தா. அவளுக்கே ஆச்சரியம். அப்புறம் சாதாரணமாச் சொன்னா, "வெண்புள்ளிங்க ஆன்ட்டி. அதான் நைனா போன்லயே சொன்னாரே."

பையன் அவங்கம்மாவப் பாத்தான். என் பொண்டாட்டி என்னப் பாத்தா. என் பொண்ணு அவங்க மூஞ்சியப் பாத்தா, பையன் மூஞ்சியப் பாத்தா, மெதுவா என் பக்கம் திரும்பினா. அப்போ என் கை என்ன பண்ணிக்கினு இருந்துச்சு தெரியுமா? என்னைக் கேக்காமலே சட்டைப் பைக்குள்ள போயி மார்க்கரத் தேடிக்கினு இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை, பையில மார்க்கர் இல்ல. கைய வெளிய எடுத்தேன்.

"ஆமாம்மா, சொன்னாரு சொன்னாரு"ன்னாங்க பையனோட அம்மா. "நான்தான் மறந்துட்டேன். இந்த லைட்டுல திடீர்னு பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு."

பையன் கொஞ்சம் கிட்ட வந்து, "வலிக்குமாங்க?"ன்னு கேட்டான். "வலிக்காது"ன்னா. "ஓ"ன்னான். அதுக்கு மேல அவனுக்கு என்ன கேக்கறதுன்னு தெரியல. ரெண்டு பேரும் ஜெல்லி மீனப் பாக்க ஆரம்பிச்சாங்க.

நான் சொல்லவே இல்லியே! அப்போ தரகர் சொல்லிட்டானா? நான் சொன்னேன்னு சொல்லி அவனே சொல்லியிருப்பானோ? அப்படித்தான் இருக்கும், அவன் பலே ஆளுன்னு நானே சமாதானம் சொல்லிக்கினேன். உசுரு திரும்பி வந்துச்சு. தப்பிச்சோம்டா சாமின்னு இருந்துச்சு.

வெளிய வர வழியில பையனோட அம்மாவும் என் பொண்ணும் பாத்ரூம் போனாங்க. நானும் பொண்டாட்டியும் பையனும் பொம்மைச் சுறா விக்கிற கடை முன்னால நின்னோம். நேரமாச்சு. இன்னும் நேரமாச்சு. "வரிசையா இருக்கும்"னான் பையன். வந்தப்போ என் பொண்ணு மூஞ்சி கழுவியிருந்தா, நெத்தி முடியெல்லாம் ஈரம். வெயிலுக்குக் கழுவியிருப்பான்னு நான் நினைச்சேன்.

வெளிய கடலப் பாத்த மாதிரி கம்பித் தடுப்பு. பகல் வெளிச்சம் கண்ணக் கூசுச்சு. அங்கதான் அந்தப் புடவை மெரூன்னு தெரிஞ்சுது, நல்ல மெரூன். மத்தவங்க டீக்கடைப் பக்கம் போக, அந்தம்மா என்னை நிறுத்தினாங்க.

"அண்ணா, நீங்க சொல்லல. தரகரும் சொல்லல."

காத்துல புடவைத் தலைப்பப் பிடிச்சிக்கினு அவங்க கடலையே பாத்துப் பேசினாங்க.

"உங்களுக்காக நான் பொய் சொல்லல. அந்தப் பொண்ணு உங்க பக்கம் திரும்புச்சு பாருங்க, அந்த மூஞ்சிய என்னால பாக்க முடியல, அதான். கை எனக்கு ஒரு விசயமே இல்ல. என் கையும் நாள் முழுக்க அடுப்புல வெந்த கைதான். ஆனா மறைச்சீங்களே, அது எனக்குக் கஷ்டமா கீது. ஊட்டுக்குப் போறதுக்குள்ள அந்தப் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்க. சொன்னதுக்கு அப்பறம் எங்களுக்குப் போன் பண்ணுங்க. சொல்லலன்னா பண்ண வேணாம்."

பையனக் கூப்பிட்டுக்கினு போயிட்டாங்க. டீ கூட குடிக்கல.

திரும்பி வரும்போது திருவான்மியூர் வரைக்கும் சொல்லலாம் சொல்லலாம்னு இருந்தேன். பஸ்ல கூட்டம், நின்னுக்கினே வந்தோம், எல்லார் காதுலயும் விழும்னு சொல்லல. கோயம்பேட்டுக்கு வர பஸ்ல இடம் கிடைச்சுது. அவ எனக்குப் பக்கத்துல உக்காந்தா. ஆனா அவளே ஆரம்பிச்சா.

"நைனா, நீ போன்ல கை விசயத்தச் சொன்னப்ப அவங்க இன்னா சொன்னாங்க? மறுபடி ஒரு தடவ சொல்லேன்."

உண்மையச் சொல்ல இதவிட நல்ல வாசப்படி எனக்கு யாரு வெப்பாங்க? ஆனா என் வாயி இருக்கே, அதச் செருப்பால அடிக்கணும். "அதான் சொன்னனே... அதனால இன்னாங்க, வாங்கன்னாங்க"ன்னு சொல்லிடுச்சு. அவ தலைய மட்டும் ஆட்டிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினா.

கோயம்பேட்டுல ஆவடி பஸ் மாறினோம். முன் சீட்ல என் பொண்டாட்டி கொட்டாவி விட்டுக்கினு வந்தா. திருமங்கலம் தாண்டுச்சு. பொழுது சாய்ஞ்சு பஸ்ல லைட்டு போட்டுட்டாங்க. அம்பத்தூர் எஸ்டேட் ஸ்டாப்ல பஸ் நின்னப்போ ஷிப்ட் முடிஞ்சு நாலஞ்சு பேரு ஏறினாங்க, எண்ணெய் வாசனையோட. ஒருத்தன் சட்டைப் பையில செவப்பு மூடி மார்க்கர் எட்டிப் பாத்துச்சு. வேற கம்பெனி ஆளுதான், எனக்குத் தெரியாதவன். அதப் பாத்ததும் சொல்லிட்டேன்.

"நான் சொல்லல பாப்பா."

அவ திரும்பல.

"போன் பண்ணவே இல்ல. சத்தியம் பண்ணிட்டு பொய் சொன்னேன். அந்த இடம் இருட்டா இருக்கும், கை தெரியாதுன்னுதான் அங்க கூட்டிக்கினு போனேன். அவங்க சொன்னதும் பொய்தான், உனக்காகச் சொன்னாங்க. இப்பகூட ஒரு பொய் சொன்னேன். நான் ஒரு கேடுகெட்டவன்."

முன் சீட்ல கொட்டாவிச் சத்தம் நின்னு போச்சு. என் பொண்ணு கைப்பையத் திறந்து போன எடுத்தா. யாருக்கோ போட்டா. நான் அவ மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தேன், அழறாளா கோவமா ஒண்ணும் பிடிபடல.

"அத்தை, நான்தான். ஆங், சொல்லிட்டாரு. இப்பதான், எஸ்டேட் கிட்ட. இல்ல அத்தை, உடனே எங்க சொன்னாரு? நடுவுல இன்னொரு பொய்யும் சொன்னாரு. அப்பறம் சொல்லிட்டாரு. ஆங்... ஆங்... சரி அத்தை, ஊட்டுக்குப் போயிட்டுப் பேசறேன்."

அத்தையா? காலையில ஆன்ட்டின்னாளே! பாத்ரூம்ல அவ்வளவு நேரம் ஆனது அப்போதான் எனக்குப் புரிஞ்சுது. எல்லாத்தயும் அங்கயே அவங்க அவகிட்ட சொல்லிட்டாங்க. மூஞ்சி கழுவினது வெயிலுக்கு இல்ல. மூணு பஸ் மாறி வர வரைக்கும் அவங்களும் இவளுமாச் சேந்து என்னை விளக்குக்கு அடியில வெச்சுப் பாத்துக்கினு வந்திருக்காங்க.

"நீ இன்னிக்குச் சொல்லியிருக்கலன்னா இந்த இடம் எனக்கு வேணாம்னு சொல்லியிருப்பேன்"னா. "அவங்க வேணும்னுதான் சொன்னாங்க. நான்தான், மொதல்ல நைனா சொல்லட்டும், அப்பறம் என் முடிவச் சொல்றேன்னேன்."

"இனிமே என் பேச்ச நம்புவியாம்மா?"ன்னு கேட்டேன்.

"அது வேற. அதுக்கு நாளாவும் நைனா."

அப்படிச் சொல்லிட்டு அவ கைய என் முட்டிமேல வெச்சா, வெச்சுட்டு உடனே எடுத்துட்டா. மன்னிச்சாளா இல்லியான்னு எனக்குத் தெரியல. ஆவடி வர வரைக்கும் முன் சீட்டுக் கம்பியப் பிடிச்சிக்கினு வந்தேன்.

இப்போ அவ வேப்பம்பட்டுல இருக்கா. கல்யாணத்துக்கு மருதாணி வெச்சப்போ வெள்ளைத் திட்டுமேல செவப்பு இன்னும் நல்லா ஏறும் பாருன்னு சம்பந்தியம்மாவே உக்காந்து வெச்சு விட்டாங்க. அன்னிக்கு நடந்ததப் பத்தி அவங்க ஒரு வார்த்தை எடுத்தது கிடையாது. ஞாயித்துக்கிழமை நான் போனா என் பொண்ணு காபி கொண்டுவந்து என் கையிலயே குடுக்கறா, ஸ்டூல்ல வெக்கறதில்ல.

அன்னிக்குப் பஸ்ல நான் எல்லாத்தயும் சொல்லிட்டேன்னுதான் அவ நினைச்சிக்கினு இருக்கா. மார்க்கரத் தேடின கையப் பத்தி இன்னும் சொல்லல. வாயால சொல்ல எனக்கு வரல, அதான் எழுதினேன். வர ஞாயித்துக்கிழமை இத எடுத்துக்கினு போயி அவ கையில குடுத்துட்டு, படிக்கிற வரைக்கும் எதிர்லயே உக்காந்திருக்கணும்.